செல்லின் கழிவகற்றலைத் தடுப்பது எப்படி மருந்தாகும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. முதுகுவலிக்காகப் பரிசோதித்தபோது மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் என்று தெரியவந்தது. வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டெசோமிப் ஊசியும், லெனலிடோமைடு கேப்ஸ்யூலும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுக்கிறார்கள். பழுதான புரதங்களை அகற்றும் ‘யுபிக்விட்டின்’ ஏற்பாட்டைப் போர்டெசோமிப் தடுக்கிறது என்று படித்தேன். உடலுக்கு நன்மை செய்யும் ஒன்றை எதற்காகத் தடுக்க வேண்டும்? செல்களைச் சுத்தப்படுத்தும் என்று சொல்லி உறவினர் ஒருவர் கிரீன் டீ சாற்று மாத்திரைகளை வாங்கி வந்திருக்கிறார், கொடுக்கலாமா? சில நாட்களாக அப்பாவுக்குப் பாதங்கள் மதமதப்பாக இருக்கின்றன. அதுவும் இந்த ஊசியால்தானா?

பதில்: முதலில் சொல்ல வேண்டியது கிரீன் டீ சாற்று மாத்திரையைப் பற்றித்தான். அதை உங்கள் தந்தையாருக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே நிறுத்திவிட்டு, எப்போதிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவியுங்கள். காரணம் விளங்க வேண்டுமானால், யுபிக்விட்டின் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். செல், தன்னிடமுள்ள பிற புரதங்களின் மீது இதைப் பிணைக்கிறது. இந்த வேலையை மூன்று வகை நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கின்றன: முதலாவது வகை யுபிக்விட்டினைத் தயார்ப்படுத்துகிறது, இரண்டாவது அதை ஏந்திச் செல்கிறது, மூன்றாவது எந்தப் புரதத்தின் மீது பிணைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றாவது வகையில் மட்டும் மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட நொதிகள் இருப்பதால்தான், ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க முடிகிறது. பிணைத்ததைக் கழற்றிவிடும் நொதிகளும் ஏறத்தாழ நூறு உள்ளன.

யுபிக்விட்டினைப் பார்சலின் மீது ஒட்டும் முகவரிச் சீட்டு என்று கொள்ளலாம். சீட்டில் இருப்பதைப் பொறுத்தே சரக்கு சேருமிடம் அமைகிறது. யுபிக்விட்டினின் 48-ஆவது அமினோ அமிலத்தின் வழியாகச் சங்கிலியாகக் கோக்கப்பட்ட யுபிக்விட்டின்களைச் சுமக்கும் புரதம், ‘புரோட்டியசோம்’ என்னும் பீப்பாய் வடிவ அமைப்புக்குள் இழுக்கப்பட்டுச் சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. யுபிக்விட்டின் மட்டும் கழற்றப்பட்டு மறுபடியும் பயன்படுகிறது. 63-ஆவது இடத்தின் வழியாகக் கோக்கப்பட்ட சங்கிலியோ பெரும்பாலும் அழிவுக்கானதன்று, டி.என்.ஏ. பழுதுபார்ப்பு, அழற்சிச் சமிக்ஞை போன்ற பணிகளுக்கு அது வழிகாட்டுகிறது. புரதங்கள் இவ்வாறு குறிவைத்து அழிக்கப்படுவதைக் கண்டறிந்ததற்காகவே ஏரன் சீகனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோருக்கு 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே இதை வெறும் கழிவகற்றல் என்று எண்ணுவது போதாது. பழுதான புரதங்களோடு, செல் பிரிதலை முடுக்கும் புரதங்களும் உரிய நேரத்தில் இதே வழியில்தான் அகற்றப்படுகின்றன. இந்தத் தேர்வு பிசகினால் நோய் வருகிறது. பார்க்கின் என்ற மூன்றாவது வகை நொதிக்கான மரபணு பழுதுபட்டால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் தோன்றக்கூடும். மாறாக, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ், செல்லின் நொதி ஒன்றையே தன்வசப்படுத்தி, புற்றுநோயைத் தடுக்கும் பி-53 புரதத்தின் மீது யுபிக்விட்டினைப் பிணைக்கச் செய்து அதை அழித்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டைப் பொத்தாம்பொதுவாகக் ‘கூட்டினால்’ ஆரோக்கியம் பெருகும் என்று விற்கப்படும் எதையும் நம்பாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி உங்கள் தந்தையாரின் நோய்க்கு வருவோம். மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களின் புற்றுநோய். கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) நொடிக்கு ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்வது இந்தச் செல்களின் இயல்பு. அவ்வளவு வேகத்தில் செய்யும்போது சரியாக மடியாத புரதங்களும் நிறையச் சேரும். அவற்றுக்கு யுபிக்விட்டின் பிணைத்துப் புரோட்டியசோமுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அந்தச் செல் பிழைத்திருக்க முடியும். போர்டெசோமிப் யுபிக்விட்டினைத் தொடுவதில்லை. அடுத்த கட்டத்திலுள்ள புரோட்டியசோமின் வெட்டும் பகுதியை அடைக்கிறது. தேங்கும் புரதங்களின் நெருக்கடியைத் தாங்காமல் மைலோமா செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. மற்றச் செல்களுக்கு இவ்வளவு சுமை இல்லாததாலும், இந்த அடைப்பு முழுமையானதாகவோ நிரந்தரமானதாகவோ இல்லாததாலும் அவற்றில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்துவிடுகின்றன. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற இந்த மருந்து, மைலோமா சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

அவர் உட்கொள்ளும் லெனலிடோமைடும் இதே பாதையில்தான் வேலை செய்கிறது, ஆனால் வேறொரு முனையில். அது செரிப்ளான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, மைலோமா செல் உயிர்வாழத் தேவையான இக்காரோஸ், அயோலோஸ் என்னும் இரு புரதங்களின் மீது யுபிக்விட்டின் பிணைக்கப்படும்படி செய்கிறது. ஒரு மருந்து புரோட்டியசோமை அடைக்கிறது, மற்றொன்றுக்கு அதே புரோட்டியசோமின் உதவி தேவைப்படுகிறது. முரணாகத் தோன்றினாலும், இவ்விரண்டையும் டெக்ஸாமெத்தசோனோடு சேர்த்துக் கொடுத்தால் நோயாளிகளின் ஆயுள் நீள்கிறது என்பதை 2017-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

கிரீன் டீயின் சிக்கல் இங்கேதான் எழுகிறது. போர்டெசோமிப்பின் மூலக்கூறில் போரான் உள்ளது. புரோட்டியசோமைப் பற்றிக்கொள்வது அந்தப் பகுதிதான். கிரீன் டீயில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் அந்தப் போரானோடு இணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்வதை 2009-இல் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் கண்டறிந்தார்கள். மனிதர்களிடம் இதைச் சோதித்துப் பார்ப்பது நியாயமாகாது, தவிர்ப்பதே வழி. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அளவாக உண்ணும் கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் பொதுவாகத் தடை இல்லை.

பாதங்களின் மதமதப்பு பெரும்பாலும் போர்டெசோமிப்பால் வரும் நரம்புப் பாதிப்பாகவே இருக்கும். இதே மருந்தை இரத்தக் குழாய் (சிரை) வழியாகப் பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கும், தோலுக்கடியில் பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்கும் இது ஏற்பட்டதாக 2011-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு தெரிவித்தது. அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் பலர் இதை மறைக்கிறார்கள். உரிய நேரத்தில் சொன்னால் அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ பெரும்பாலும் சமாளித்துவிடலாம், தாமதித்தால் மதமதப்பு நிலைத்துவிடக்கூடும். டெக்ஸாமெத்தசோன் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதால் அதையும் பரிசோதியுங்கள். ஆனால் கால்களில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போர்டெசோமிப் பெறுபவர்களுக்கு அக்கி வராமல் தடுக்க அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுப்பது வழக்கம். உங்கள் தந்தையாருக்கு எழுதித் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். லெனலிடோமைடால் இரத்தம் உறையும் அபாயம் கூடும் என்பதால், ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். இந்த மருந்து, 1960-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் குழந்தைகள் ஊனத்துடன் பிறக்கக் காரணமான தாலிடோமைடின் உறவு மருந்து. எனவே வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால் அவர்கள் கேப்ஸ்யூல்களைக் கையாள வேண்டாம். யாரும் அவற்றைத் திறந்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் தந்தையார் இரத்த தானம் செய்யவும் கூடாது.