கொட்டாஞ்சேனைத் தோட்டத்தில் குடம்பி: நான்காவது கூட்டம் வேண்டாம்

உங்கள் தோட்டத்து வீடுகளில் டெங்கு நுளம்பின் குடம்பி (புழு) குறையவில்லை, நான்காவது விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தை விடுங்கள். அந்தக் காசில் தண்ணீர் பீப்பாய்களுக்கு மூடி போடுங்கள். மூன்று கூட்டமும் துண்டுப்பிரசுரமும் முடிந்த பிறகும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குடம்பி காட்டுகிறார் என்றால், உங்கள் சனத்துக்குக் குறைவது தகவல் இல்லை.

நாற்பது வீட்டுக்கும் ஒரே பொதுக்குழாய் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்க வேண்டும். வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை யார் கொட்டுவார்கள்? சுகாதார மேம்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 1986 ஒட்டாவா சாசனம் சொல்வதும் இதுதான்: அறிவுரை மட்டும் போதாது, சூழலும் துணை நிற்க வேண்டும், முடிவெடுப்பதில் சனத்துக்கும் பங்கு வேண்டும்.

சரி, ஒன்று செய்து பாருங்கள். ஞாயிறு காலை, அந்த ஒழுங்கையில் எல்லோரும் மதிக்கும் இரண்டு மூன்று அக்காமாரோடு டோர்ச் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். பீப்பாய், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, எதில் குடம்பி நெளிகிறது என்று எண்ணுங்கள். பீப்பாய்தான் அதிகம் என்றால், பழைய நுளம்பு வலையை வாயில் விரித்து, சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கலாம். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது.

தயவுசெய்து, குடம்பி இருந்த வீடுகளின் பெயரை எங்கும் ஒட்டாதீர்கள். அடுத்த முறை கதவு திறக்காது. அப்புறம், யாருக்காவது காய்ச்சல் என்றால் அது டெங்குவாக இருக்கலாம், பரசிட்டமோல் மட்டும் கொடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள். அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டவே வேண்டாம்.