கடலோரப் பள்ளியில் நூலகப் பொறுப்பு: எங்கே தொடங்குவது?

மண்டபம் பக்கத்துப் பள்ளியில் பாடமும் நடத்தி நூலகத்தையும் கவனிக்கும் ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பீரோவைத் திறந்து வையுங்கள்.

கடற்காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பூட்டியே கிடக்கும் இரும்பு பீரோவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் பூஞ்சை பூத்துவிடும். அட்டையில் இறங்கிய துருக்கறை போகவே போகாது. பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். நூல்களை நெருக்கித் திணிக்காதீர்கள். பூஞ்சை பிடித்ததைத் தனியே எடுத்து நிழலில் காற்றாட உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்து மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் கறை தாளுக்குள் ஊறிவிடும்.

அடுத்தது இருப்புப் பதிவேடு. முதல் வாரமே ஒவ்வொரு நூலையும் எண்ணோடு சரிபார்த்து, காணாதவற்றின் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய இழப்பும் உங்கள் தலையில் விழும். அந்தப் பயத்தில்தான் பல நூலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன.

பிறகு சக ஆசிரியர்களிடம், “அடுத்த மாதம் என்ன பாடம் சார்?” என்று கேளுங்கள். பவளப்பாறை என்றால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றி இருக்கும் நூல்களை வகுப்புக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் மீன்களுக்கு 597, மீன்பிடித் தொழிலுக்கு 639. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில் தவறேயில்லை.

கோடை விடுமுறைக்கு எல்லா நூலையும் திரும்ப வாங்கிப் பூட்டாமல், பதிவேட்டில் எழுதி ஆளுக்கு இரண்டு கொடுத்தனுப்புங்கள்.