முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் கொழுந்தனார் மகனுக்கு வயது 19. மூன்று வாரமாகக் காய்ச்சலும் தலைவலியும் இருந்தன. பிறகு வாந்தியும் பேச்சில் குழப்பமும் சேர்ந்ததால் மதுரைக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்த பின்னும் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். "முதுகுத்தண்டுல தண்ணி எடுத்தா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிரும்" என்று என் மாமியார் மறித்ததால் இரண்டு நாள் கழித்தே சம்மதித்தோம். காசநோய் மூளைக்காய்ச்சல் என்று சொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். இப்போது அவனுடைய இடது காலில் பலம் குறைந்திருக்கிறது. ஊசிதான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள். மருத்துவரோ மறுபடியும் நீர் எடுக்க வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?
ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: மருத்துவர் கேட்கிறார் என்றால் சம்மதியுங்கள், தாமதிக்க வேண்டாம். உங்கள் மாமியாரின் அச்சம் மதுரை மாவட்டத்துக் கிராமங்களில் பல வீடுகளில் நான் கேட்ட அச்சம்தான். பேரன்மீதுள்ள பாசத்தில் சொன்னதற்காக அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அந்த அச்சத்துக்கு உடலமைப்பில் ஆதாரம் இல்லை. பெரியவர்களின் தண்டுவடம் இடுப்புப் பகுதியிலுள்ள முதுகெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்கும் கீழே, மூன்றாவது எலும்புக்கும் நான்காவதற்கும் இடையிலோ, நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலோ செலுத்தப்படுகிறது. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே உள்ளன. ஊசி முனை வரும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். ஹைன்ரிக் குவிங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1891-ல் செய்துகாட்டிய இந்த முறையை இன்று உலகெங்கும் கையாள்கிறார்கள்.

அப்படியானால் கால் ஏன் பலமிழந்தது? காசநோய்க் கிருமி மூளையின் அடிப்பகுதியில் தடித்த கசிவை உண்டாக்கி, அவ்வழியே செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் பக்கவாதம் வரலாம்; தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நரம்பு வேர்களும் பாதிக்கப்படலாம். உங்கள் பையனுக்கு நேர்ந்தது எது என்பதை அவனைப் பரிசோதிக்கும் மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனால் இந்த வதந்தி எப்படிப் பிறந்தது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது: பயந்து பயந்து நாள் கடத்தி, கால் விழத் தொடங்கிய பிறகு நீர் எடுக்கச் சம்மதிக்கிறார்கள், நோய் செய்த கேட்டின் பழி ஊசியின்மேல் விழுகிறது, அதைக் கேட்ட அடுத்த வீட்டார் இன்னும் தாமதிக்கிறார்கள்.

ஸ்கேனில் வீக்கம் தெரியும், மூளையில் நீர் தேங்கியிருப்பது தெரியும். எந்தக் கிருமி என்பது தெரியாது. அதைச் சொல்ல வல்லது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் அந்த நீர்தான். இயல்பான நிலையில் அது நிறமற்றுத் தெளிந்திருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் ஐந்துக்கு மேல் வெள்ளணுக்கள் இரா. 100 மில்லியில் புரதம் 15 முதல் 45 மில்லிகிராம் வரை இருக்கும். சர்க்கரை இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சாதாரண பாக்டீரியா தாக்கினால் நீர் கலங்கி, வெள்ளணுக்களில் ஒரு வகையான சீழ் அணுக்கள் பெருகி, சர்க்கரை வீழ்ந்துவிடும். வைரஸ் என்றால் வெள்ளணுக்களில் மற்றொரு வகையான நிணநீர் அணுக்கள் கூடும், சர்க்கரை பெரும்பாலும் குறையாது. காசநோயிலும் நிணநீர் அணுக்களே மிகும், ஆனால் சர்க்கரை குறைந்து புரதம் வெகுவாக ஏறும். குழாயில் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் சிலந்தி வலை போன்ற மெல்லிய படலம் படிவதும் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால்தான் மருத்துவர்கள் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்.

இதில் வீட்டார் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மாதிரிக் குழாயை உங்கள் கையில் கொடுத்து ஆய்வகத்தில் சேர்க்கச் சொன்னால், வழியில் எங்கும் நிற்காமல் நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சீழ் அணுக்களில் கணிசமானவை சிதைந்துவிடும், கணக்குத் தவறிவிடும். அதே வேளையில் இரத்தச் சர்க்கரைக்கும் ஊசி குத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது அவசியம்.

மறுபடி எடுப்பதற்கும் காரணம் உண்டு. இந்த நீரில் காசநோய்க் கிருமிகள் மிகச் சொற்பமாகவே இருக்கும். ஆகவே கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் நீரின் மாற்றம் காட்டும். நீர் வற்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம்: உடலில் எந்நேரமும் சுமார் 150 மில்லி இருக்கிறது, நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது, எடுக்கும் 10 மில்லி அரை மணி நேரத்தில் ஊறிவிடும். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் தணியும் தலைவலி சில நாள் வரலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மூளையில் அழுத்தம் மிகுந்திருக்கும் அறிகுறிகள் இருந்தால் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள். காசநோய் மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. மருத்துவர் சொல்லும் மாதங்கள் முழுவதும், பையன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும், ஒரு நாள்கூட விடாமல் கொடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது, மறதி கூடிவருகிறது. முதுகு நீரைச் சோதித்தால் அல்சைமர் நோயைக் கண்டுபிடிக்கலாமாமே?
ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உண்மைதான். அந்நோயில் அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதம் மூளையிலேயே படிந்துவிடுவதால் நீரில் அதன் அளவு குறைகிறது. டௌ என்ற புரதம் கூடுகிறது. ஆனால் அது முதல் சோதனை அன்று. தைராய்டு, வைட்டமின் பி12, மூளை ஸ்கேன் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அம்மாவின் நடையையும் கவனியுங்கள். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தயங்கித் தயங்கி நடக்கிறாரா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா என்று பாருங்கள். மறதியோடு இவையும் இருந்தால் மூளை அறைகளில் நீர் தேங்கும் நோயாக இருக்கக்கூடும். அதற்கு 30 முதல் 50 மில்லி வரை நீரை எடுத்துவிட்டு நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் குழாய் பொருத்தும் அறுவை சிகிச்சையால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அவர் நடப்பதைக் கைபேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.