முதல் காதல் கதைகளில் குடும்ப ரகசியமும் ஏன் கூடவே வருகிறது?

வளரிளம் பருவ நாவல் என்பது, வீட்டார் சொன்னதை அப்படியே நம்பிய பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை தானாக முடிவெடுக்கப் பழகும் கதை. காதல் வந்ததும் அவளுக்கும் வீட்டில் சொல்ல முடியாத ஒன்று உண்டாகிறது. அம்மாவும் எதையோ மறைத்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைக்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

நீலகிரியில் இதற்கு வலுவான களம் இருக்கிறது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த பல குடும்பங்கள் கோத்தகிரி, கூடலூர் பக்கம் குடியேறின. சிலர் இங்கே, சிலர் அங்கே என்று பிரிந்த குடும்பங்களும் உண்டு. பழைய படத்தில் நிற்கும், யாரும் பெயர் சொல்லாத ஒரு சித்தி போதும். கதை இன்று நடந்தால் அது பாட்டியின் ரகசியம். 1980களில் என்றால் அம்மாவுடையது.

பலர் சறுக்கும் இடம், கடைசி அத்தியாயத்தில் டிரங்குப் பெட்டியிலிருந்து கடிதம் எடுப்பது. அதன்பின் அவள் என்ன செய்தாள் என்று காட்ட இடமே இருக்காது. இருபது அத்தியாயம் என்றால் மூன்றில் சந்தேகம், பத்தில் பாதி உண்மை, பதினைந்துக்குள் முழுவதும் வரட்டும். மலைப்பாதையில் மூடுபனிக்குள் வண்டி ஓட்டுவது போலத்தான்: ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் அடுத்த வளைவு தெரியும்.

இவ்வகை நாவலை 'வயதுக்கு வரும் கதை' என்றதும் பூப்பெய்துவதைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பையனை வைத்தும் இதே கதையை எழுதலாம்.