நாளைக்கு எவ்வளவு ஊறப்போடுவது?

கேள்வி: ஒன்பது வருடமாகத் திருச்சியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். போன வருடம் மகன் என் போனில் கணக்கு ஆப் போட்டுக் கொடுத்து, தொழில் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் சேர்த்துவிட்டான். ஒருவர் சிறுதானிய மாவு போடச் சொல்கிறார், இன்னொருவர் தினம் ஒரு ரீல்ஸ் போடச் சொல்கிறார், வேறொருவர் கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கச் சொல்கிறார். முன்பெல்லாம் நாளையும் வானத்தையும் பார்த்து எவ்வளவு ஊறப்போடுவது என்று சட்டென்று முடிவு செய்வேன். இப்போது ராத்திரி பதினோரு மணி வரை வீடியோ பார்த்தும் குழப்பம்தான். கடை விஷயத்தில் மனசு வேண்டாம் என்கிறது. மனசை நம்பலாமா, இல்லை இது படிக்காதவளின் பிடிவாதமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி ஒன்பது வருடப் படிப்பு. அமாவாசை விரதக்காரர்கள் ராத்திரி பலகாரம்தான் சாப்பிடுவார்கள், மாவு கூடுதலாகப் போகும். தீபாவளிக்கு முந்தின நாள் எவ்வளவு அரைத்தாலும் காணாது. சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும், மார்கழியில் பொங்க நேரம் எடுக்கும். இதையெல்லாம் நீங்கள் யோசித்துக் கணக்குப் போடுவதில்லை, கை தானாக உளுந்தை அளக்கிறது. அளவு தப்பியிருந்தால் மறுநாள் மிஞ்சிய பாத்திரமோ, வெறுங்கையோடு திரும்பும் வாடிக்கையாளரோ அதைக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். இப்படித் தினம் பரீட்சை, மறுநாளே மார்க்.

இந்த வேகம்தான் முக்கியம். டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். உள்ளுணர்வு எவ்வளவு ஏமாற்றும் என்று ஆராய்ந்தவர் முதலாமவர். தீயணைப்பு வீரர்கள் நொடியில் சரியான முடிவெடுப்பதை ஆராய்ந்தவர் இரண்டாமவர். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் என்றே சொல்லலாம். 2009இல் இருவரும் சேர்ந்தெழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். தொழிலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதை நெடுநாள் பழகி, செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் இருக்க வேண்டும். அங்கேதான் உள்ளுணர்வு நம்பத்தக்கது. மாவு வியாபாரத்தில் இரண்டும் இருக்கின்றன. நாளைக்கு எத்தனை படி ஊறப்போடுவது என்பதில் உங்கள் மனசு சொல்வதையே கேளுங்கள்.

சரி, வீடியோ பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று மகன் கேட்கலாம். 1970களில் பால் ஸ்லோவிக் என்ற அமெரிக்க ஆய்வாளர், குதிரைப் பந்தயத்தைக் கணிப்பதில் பழுத்த எட்டுப் பேரை உட்காரவைத்தார். ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் முதலில் ஐந்து தகவல், அப்புறம் பத்து, இருபது, நாற்பது என்று கொடுத்துக்கொண்டே போனார். கணிப்பு ஐந்து தகவலில் எவ்வளவு சரியாக இருந்ததோ, நாற்பதிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏறியது அவர்களுடைய தன்னம்பிக்கை மட்டும். எனக்கு இது பயமாகத் தெரிகிறது. ஐம்பது வீடியோ பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு உங்களுக்கு உறுதியாகத் தோன்றும், சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஆனால் கடை விஷயத்தில் நான் உங்கள் மனசின் பக்கம் இல்லை. கடன் வேண்டாம் என்பது சரியான முடிவாகவே இருக்கலாம். இருந்தாலும் இரண்டாவது கடையை நீங்கள் ஒருமுறைகூட நடத்திப் பார்த்ததில்லை. மனசுக்கு அதில் பழக்கமே இல்லாதபோது, அது சொல்வது அனுபவமா பயமா என்று பிரிக்க முடியாது. அங்கே காகிதமும் பேனாவும்தான். மாத வாடகை, ஓர் ஆள் சம்பளம், கரண்ட், மாதத் தவணை எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு கிலோ மாவில் செலவு போக உங்கள் கையில் நிற்கும் தொகையால் அந்தக் கூட்டலை வகுத்தால், மாதம் எத்தனை கிலோ விற்றாக வேண்டும் என்று தெரியும். இப்போது விற்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே, பத்து நாள் நீங்கள் படுத்துவிட்டால் அந்தக் கடையை யார் திறப்பார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அப்படித்தான், மனசைக் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. சட்டம் கேட்பதைச் செய்துவிட வேண்டும்.

சிறுதானிய மாவு பற்றி யோசிக்கும்போது மெக்டொனால்ட் சகோதரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் அவர்கள் உணவகம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. விற்ற கணக்கைப் பார்த்தால், பெரும்பகுதி ஹாம்பர்கரிலிருந்துதான் வந்திருந்தது. 1948இல் கடையைச் சில மாதம் மூடி, இருபத்தைந்து வகை இருந்த பட்டியலை ஒன்பதாகக் குறைத்து, 15 சென்டுக்கு ஹாம்பர்கர் விற்கத் தொடங்கினார்கள். முதலில் வியாபாரம் விழுந்தது. பிறகுதான் கூட்டம் வந்தது. அவர்கள் கேட்டது தங்கள் சொந்த ரசீதுகளை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ரசீது அந்த ஆப்பில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை மகனோடு உட்கார்ந்து எவ்வளவு அரைத்தோம், எவ்வளவு மிஞ்சியது, எத்தனை பேருக்கு இல்லையென்று சொன்னோம் என்ற மூன்றை மட்டும் பாருங்கள். மற்ற வரைபடங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

கம்பு மாவோ கேழ்வரகு மாவோ வாடிக்கையாளர்களே கேட்டிருந்தால் மட்டும், முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு வியாழக்கிழமை தோறும் அரைத்துக் கொடுங்கள். இரண்டு மாதம் போதும், அதே ஆட்கள் திரும்பக் கேட்கிறார்களா என்று தெரிந்துவிடும். ரீல்ஸ் உங்களுக்குப் பிடித்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். உங்கள் மாவு தெருவுக்குள் விற்கிறது, தெரு உங்களை ஏற்கெனவே அறியும்.

வாட்ஸ்அப் குழுக்களில் உங்களைப் போலவே மாவு அரைக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றவற்றிலிருந்து வெளியேறிவிடுங்கள். மகன் கோபித்துக்கொண்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கடைக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள், அதில் அவன் உதவி உங்களுக்கு நிச்சயம் தேவைப்படும்.