பழைய புரோட்டான் இஸ்வாரா காருக்கு இஞ்செக்‌ஷன் மாத்தலாமா?

தம்பி, மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஓடுற உங்க கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்குற பாகம்) இஸ்வாரா காலையில லேசுல ஸ்டார்ட் ஆகல, தோட்டத்து மேட்டுல திணறுது, ஃபோர்மேன் (மெக்கானிக்) இஞ்செக்‌ஷன் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சுற முறை) மாத்தச் சொல்றார்னு எழுதியிருந்தீங்க. அவசரப்பட்டு காசைக் கொட்டாதீங்க.

முதல்ல கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம், பார்க்கச் சொல்லுங்க. ஒரு சிலிண்டர்ல அது ரொம்ப இறங்கியிருந்தா எந்த இஞ்செக்‌ஷனும் காப்பாத்தாது. நல்லா இருந்தா, காலையில இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி, ஆக்சிலரேட்டரை ஒரு தடவை மிதிச்சு விட்டுட்டு சோக் தட்டை (கார்பரேட்டர் வாயில காத்தைக் குறைக்கிற தட்டு) பாருங்க. அது மூடிக்கணும். மூடலன்னா காலைத் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். வேக்கும் குழாய்களை (இஞ்சினோட உறிஞ்சல் போற சின்ன ரப்பர் குழாய்கள்) விரலால வளைச்சுப் பாருங்க. காய்ஞ்ச ரப்பர்ல வெடிப்பு தெரியும். மேட்டுல திணறினா பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் (உள்ள இருக்குற ரப்பர் சவ்வு) ரெண்டையும் சந்தேகப்படுங்க. செம்மண் தூசியில ஏர் ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும்.

இஞ்செக்‌ஷன்னா கார்பரேட்டரை மட்டும் மாத்துற வேலை இல்ல. பழைய பம்ப் 0.5 பார் அழுத்தம்கூட தராது. இஞ்செக்டருக்குச் சுமார் 3 பார் வேணும். மின்சார பம்ப், அதைத் தாங்குற குழாய், டேங்குக்குத் திரும்புற லைன், சென்சார், இசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), வயரிங் எல்லாமே வேணும். ஹாஃப்கட் (வெளிநாட்டுல வெட்டி எடுத்து வர்ற பழைய காரோட முன்பாதி) இஞ்சினையே இறக்கினா இஞ்சின் எண் மாறும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, சோதனை, கெரான் (வண்டி உரிமைப் பத்திரம்) திருத்தம்னு அலையணும்.

இஞ்சின் எப்படியும் மாத்துற நிலைமைன்னா தாராளமா இஞ்செக்‌ஷனுக்குப் போங்க. இல்லன்னா கார்பரேட்டரைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணி, புது கிட் (கேஸ்கெட் மாதிரி சின்ன உதிரிகள்) போடுறதுதான் சரி. கம்ப்ரெஷன் அளவை இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.