பப் தரிப்பிடத்தில் இரவு தங்கும் மோட்டார்ஹோம்கள்: கவுன்சில் கடிதம் வந்தால் என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் அக்கா. இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு கிராமத்துப் பப்பைக் குத்தகைக்கு எடுத்து நானும் மனைவியும் நான்கு வருடமாக நடத்தி வருகிறோம். கட்டடம் பழையது, சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. பின்னால் இருபது கார் நிற்கக்கூடிய தரிப்பிடம். போன வருடம் வசந்த காலத்தில் மோட்டார்ஹோமில் வந்த ஒரு தம்பதி, "இரவுச் சாப்பாடு இங்கேயே சாப்பிடுகிறோம், விடியும்வரை வண்டியை விடலாமா?" என்று கேட்டார்கள். சரி என்றோம். அது வாய்வழியாகப் பரவி, இப்போது வெள்ளி, சனி இரவுகளில் மூன்று நான்கு வண்டிகள் நிற்கின்றன. வாடகை ஒரு பென்னி வாங்குவதில்லை. அந்த மூன்று நான்கு மேசைகள்தான் எங்கள் சமையலறையை ஓட வைக்கின்றன. பின்வீட்டு அம்மா, வண்டிகள் தன் குசினி யன்னலைப் பார்த்து நிற்கின்றன, ஜெனரேட்டர் சத்தம், ஊத்தைத் தண்ணீர் என்று முறைப்பாடு செய்து, பாரிஷ் கவுன்சிலில், அதாவது கிராம மன்றத்தில், கையெழுத்தும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். போன கிழமை மாவட்டக் கவுன்சிலில் இருந்து பிளானிங் கான்ட்ராவென்ஷன் நோட்டீஸ் வந்திருக்கிறது. வருடத்துக்கு 28 நாள் அனுமதி இல்லாமலே விடலாம் என்கிறார்கள், உண்மையா? எங்களுக்கு முன் நடத்தியவரும் கோடையில் வண்டிகளை விட்டவராம், அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். நாங்கள் தமிழர் என்பதால்தானோ இது என்று மனைவி அழுகிறாள். பப் லைசென்ஸையே பறிப்போம் என்றும் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

பதில்:

தம்பி, முதலில் அந்த நோட்டீஸ். அது தண்டனை அல்ல, விசாரணைக் கேள்வித்தாள். ஆனால் 21 நாட்களுக்குள் பதில் கொடுக்காவிட்டால் அதுவே ஒரு குற்றம். பொய்யான பதில் அதைவிடப் பெரிய குற்றம். "எப்போதாவது ஒரு வண்டி நிற்கும்" என்று எழுதிவிடாதீர்கள். பின்வீட்டில் இருப்பவர் திகதி போட்டுப் படம் எடுத்து வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளை இன்றே குறித்து வையுங்கள்.

"என் வாடிக்கையாளர், என் தரிப்பிடம், இதில் என்ன பிழை?" என்று உங்கள் மனதில் ஓடும், அது நியாயமாகத்தான் தோன்றுகிறது. வண்டி நிற்பதில் பிழை இல்லை. குடித்துவிட்டு ஓட்டாமல் காரை இரவு விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போகிறவரை எந்தக் கவுன்சிலும் கேட்பதில்லை. வண்டிக்குள் ஆள் படுத்து உறங்குவதுதான் சட்டத்தின் கண்ணில் படுகிறது. 1960ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டத்தில், மனிதர் வசிப்பதற்கென வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த மோட்டார் வாகனமும் "கேரவன்" என்ற சொல்லுக்குள் வருகிறது. அப்படிப்பட்ட வண்டி தங்குவதற்காக நிறுத்தப்பட்ட நிலம் கேரவன் தளம். அதற்கு சைட் லைசென்ஸ், அதாவது கவுன்சில் தரும் தள உரிமம், வேண்டும். இல்லாமல் விட்டால் பொறுப்பு அந்த நிலத்தை அனுபவிப்பவருக்கு. உங்கள் விஷயத்தில் அது கட்டடத்தின் சொந்தக்காரர் அல்ல, குத்தகைக்காரராகிய நீங்கள். காசு வாங்கினீர்களா இல்லையா என்று அந்த வரைவிலக்கணம் கேட்கவேயில்லை. ஆகவே "இலவசம், சாப்பிட்டால் போதும்" என்ற ஏற்பாடு உங்களைக் காப்பாற்றாது. ஏதாவது செயலியிலோ வழிகாட்டி நூலிலோ பப்பின் பெயரைச் சேர்த்திருந்தால் அதுவும் காப்பாற்றாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் ஓடுகிறது: 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். நிலத்தின் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவுக்கு மாறினால் பிளானிங் அனுமதி வேண்டும் என்கிறது அது. எப்போதோ ஒரு இரவு ஒரு வண்டி என்றால், பப்பின் வழமையான தொழிலோடு ஒட்டிய சிறு விஷயம் என்று நான் துணிந்து வாதாடுவேன். ஒவ்வொரு வார இறுதியும் நான்கு வண்டிகள் என்றால் அந்த வாதம் மெலிந்துவிடும். இதில் கோடு போட்ட எல்லை கிடையாது. அளவையும் சூழலையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இப்போது அந்த 28 நாள். இதில்தான் மிகப் பலர் விழுகிறார்கள், ஏனென்றால் 28 நாள் என்று இரண்டு விதிகள் இருக்கின்றன. நிலத்தைத் தற்காலிகமாக வேறு தேவைக்குப் பயன்படுத்தப் பொதுவாக 28 நாள் கொடுக்கும் விதி ஒன்று. சந்தை, விழா போன்றவற்றுக்கு அது உதவும். கேரவன் தளத்துக்கு அது பொருந்தாது, ஒரு கட்டடத்தைச் சூழ்ந்த வளவுக்கும் பொருந்தாது. உங்களுக்குச் சொன்னவர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால், அதை மறந்துவிடுங்கள். மற்றது 1960 சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. பயணம் செய்யும் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்து இரண்டு இரவுக்கு மேற்படாமல் தங்கலாம். அந்த வேளையில் அந்த நிலத்தில் வேறு எந்த வண்டியிலும் ஆள் தங்கக்கூடாது. அதோடு, அவர் வந்த நாளில் முடியும் பன்னிரண்டு மாதங்களில் அங்கே வண்டி தங்கிய நாட்கள் 28ஐத் தாண்டியிருக்கக்கூடாது. இந்த விலக்குக்குள் நின்றால் சைட் லைசென்ஸும் தேவையில்லை, பிளானிங் அனுமதியும் தானாகக் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளி, சனி என்று இரண்டு இரவு. பதினான்கு வார இறுதிகளில் 28 இரவு முடிந்துவிடும். சட்டம் எண்ணுவது இரவுகளை அல்ல, நாட்களை; வெள்ளி மாலை வந்து ஞாயிறு காலை போகிறவருக்குக் கவுன்சில் மூன்று நாள் எண்ணினால் மறுப்பது கடினம். வசந்தத்தில் தொடங்கியதென்றால் ஓகஸ்ட் வருமுன்னரே எல்லை தாண்டியிருக்கும். அதைவிட முக்கியம், இரண்டாவது வண்டி வந்து நின்ற ஒவ்வொரு இரவும் அந்த விலக்குக்கு வெளியே போய்விட்டது. பன்னிரண்டு மாதக் கணக்கு ஜனவரியில் புதிதாகத் தொடங்குவதும் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னோக்கி எண்ணப்படுகிறது. ஆகவே, மனம் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: இந்த வார இறுதியில் இருந்து இரவு தங்கலை நிறுத்துங்கள். நிறுத்திய திகதியை நோட்டீஸுக்கான பதிலில் எழுதுங்கள். நடவடிக்கை எடுப்பது பொருத்தமானதா என்று கவுன்சில் யோசித்தே என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ், அதாவது அந்தப் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லும் கட்டளை, கொடுக்க வேண்டும். நின்றுபோன ஒன்றுக்காக அதைக் கொடுக்க அவர்களுக்கு அவ்வளவு காரணம் இருக்காது. அப்படிக் கொடுத்தாலும் அது நடைமுறைக்கு வரக் குறைந்தது 28 நாள் இருக்கும். அந்த நாளுக்கு முன் மேன்முறையீடு செய்தால் முடிவு வரும்வரை நோட்டீஸ் தடைப்பட்டு நிற்கும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும்.

முன்னையவர் விட்டார் என்பதைப் பற்றி. அனுமதி இல்லாத பயன்பாடு பத்து வருடம் தொடர்ந்து நடந்திருந்தால் கவுன்சில் அதன்மேல் கைவைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் "தொடர்ந்து" என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கோடையில் சில நாள் என்பது போதாது. நீங்கள் எடுத்த பிறகு போன வருடம் வரை வண்டியே நிற்கவில்லை என்பதும் உங்கள் கடிதத்தில் இருந்தே தெரிகிறது. அந்த வழி மூடியதென்றே கொள்ளுங்கள். "எப்போதும் நடந்ததுதான்" என்று பதிலில் எழுதி உங்களை நீங்களே சிக்கவைக்காதீர்கள்.

சட்டப்படி இதைத் தொடர வழி இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் நல்ல வழி. விலக்குச் சான்றிதழ் பெற்ற சங்கங்கள் சில உண்டு. கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் இரண்டும் அவற்றில் பெரியவை. இவை ஒரு நிலத்தைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேற்படாத சான்றிதழ் கொடுத்தால், ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகள் வரை அங்கே தங்கலாம். சைட் லைசென்ஸ் வேண்டாம், பிளானிங் விண்ணப்பமும் வேண்டாம். ஆனால் தங்குகிறவர்கள் அந்தச் சங்கத்தின் அங்கத்தவர்களாக இருக்க வேண்டும். வாசலில் வந்து கேட்கிற எல்லாரையும் விட முடியாது. வண்டிகளுக்கிடையே 6 மீட்டர் இடைவெளி, குடிதண்ணீர், கழிவு கொட்டும் இடம் எல்லாம் பார்ப்பார்கள். அயலவரின் நிலையையும் பார்ப்பார்கள். இருபது கார் நிற்கும் இடத்தில் இடைவெளியோடு ஐந்து வண்டி விட்டால் உள்ளூர்க்காரர் எங்கே நிறுத்துவார் என்பதையும் யோசியுங்கள். கார்கள் தெருவோரத்துக்குத் தள்ளப்பட்டால் அடுத்த முறைப்பாடு அதுவாகத்தான் இருக்கும். எனக்கென்றால் மூன்றோடு நிறுத்துவேன்.

2023இல் வந்த 60 நாள் முகாம் அனுமதி பற்றியும் யாராவது சொல்லலாம். கூடாரங்களுக்கும் மோட்டார்ஹோம்களுக்கும் அது உண்டு. பட்டியலிடப்பட்ட கட்டடத்தைச் சேர்ந்த நிலத்துக்கு இல்லை. உங்கள் தரிப்பிடம் அதற்குள் வராது. அது தருவதும் பிளானிங் அனுமதி மட்டும், சைட் லைசென்ஸ் அல்ல. ஆகவே சங்கச் சான்றிதழ், அது சரிவராவிட்டால் முறையான பிளானிங் விண்ணப்பம். விண்ணப்பத்தில் முடிவெடுப்பது மாவட்டக் கவுன்சில். பாரிஷ் கவுன்சில் கருத்து மட்டும் சொல்லலாம். கையெழுத்துகளின் எண்ணிக்கையை விட அவற்றில் எழுதியிருக்கும் காரணங்களுக்குத்தான் எடை. கிராமத்தில் பப் ஒன்று உயிரோடு இருப்பதும் பிளானிங்கில் கணக்கில் வரும் விஷயம். உங்கள் வரவு செலவைக் காட்டி அதை எழுதலாம். எதற்கும் முன்னர் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள். "பப்பாக மட்டும்" பயன்படுத்த வேண்டும் என்றோ, சொந்தக்காரரின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் போடக்கூடாது என்றோ இருந்தால், அயலவரை விட அவர்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள்.

லைசென்ஸைப் பறிப்பது என்ற மிரட்டலுக்கு நீங்கள் அஞ்சுகிற அளவு பலம் இல்லை. 2003ஆம் ஆண்டு லைசென்ஸிங் சட்டத்தின்கீழ் யாரும் மீளாய்வு கேட்கலாம். ஆனால் குற்றம் மற்றும் ஒழுங்கீனத்தைத் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர் பாதுகாப்பு என்ற நான்கில் ஒன்றைக் காட்டியே கேட்க முடியும். பிளானிங் பிரச்சினை வேறு, இது வேறு. இங்கே தொடக்கூடியது தொல்லை ஒன்றுதான், அதாவது அந்த ஜெனரேட்டர். சத்தம் அளவு மீறினால் 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கவுன்சில் தொல்லை நீக்கும் கட்டளை கொடுக்கலாம். அதற்கு எதிராக நீதவான் நீதிமன்றம் போக 21 நாள்தான். இரவில் ஜெனரேட்டர் கூடாது என்று ஒரு பலகை போட்டு, அதை நடைமுறைப்படுத்தினால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

ஊத்தைத் தண்ணீர் விஷயத்தில் அந்த அம்மாவின் பக்கம்தான் நான். மோட்டார்ஹோமில் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட்டால் அது ஓடைக்குப் போகிறது. சூழல் மாசாக்கல் குற்றமாகலாம். உங்கள் பப் பொது மலக்குழாயில் இணையாமல் செப்டிக் தொட்டியில் ஓடுகிறதென்றால் இன்னும் கவனம். அந்த வண்டிகளின் கழிவறைப் பெட்டியில் ஊற்றும் நீல இரசாயனம் தொட்டியில் உள்ள பக்டீரியாவைக் கொல்லும். தொட்டி செத்தால் உங்கள் சமையலறையும் நிற்கும். ஒருவரையும் உள்ளே கொட்ட விடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பப் திறந்திருக்கும்போது அதன் தரிப்பிடம் பொது இடம். அளவுக்கு மேல் குடித்த ஒருவர் ஓட்டாமலே திறப்போடு வண்டிக்குள் இருந்தால்கூட, வாகனப் பொறுப்பில் இருந்த குற்றம் அவர்மேல் வரலாம். இங்கிலாந்தில் 100 மில்லிலீட்டர் மூச்சுக் காற்றில் 35 மைக்ரோகிராம் அல்ககோல்தான் எல்லை. தெளியும்வரை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று காட்டினால் தப்பலாம், ஆனால் காட்ட வேண்டிய சுமை அவருடையது. ஆகவே நள்ளிரவில் சண்டை வந்தாலும், "வண்டியை எடுத்துக்கொண்டு போ" என்று குடித்தவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

மனைவி அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஐயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதை நான் இலேசாக எடுக்கவில்லை. யாராவது நிறத்தையோ ஊரையோ சொல்லிப் பேசியிருந்தால் நாள், நேரம், வார்த்தை எல்லாம் எழுதி வையுங்கள், பொலிஸில் சொல்லுங்கள். அது வேறு கோவை. கவுன்சிலுக்கான பதிலில் அதைக் கலக்காதீர்கள். முறைப்பாடு செய்தவரின் மனதில் என்ன இருந்தாலும் நான்கு வண்டி நின்றதா என்ற கேள்விக்கு விடை மாறாது. பின்வீட்டு அம்மா எழுதிய மூன்று குறைகளும், யன்னல், சத்தம், தண்ணீர், உண்மையான குறைகள். மூன்றையும் நீங்கள் தீர்க்க முடியும்.

அவரிடம் நேரில் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. நோட்டீஸைப் பற்றிக் கதைக்க வேண்டாம். தங்கலை நிறுத்திவிட்டோம், சங்கத்தில் கேட்கப்போகிறோம், வண்டிகள் நின்றால் உங்கள் யன்னலுக்கு எதிர்ப்பக்க மதிலோரம்தான் நிற்கும் என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்றால் தொல்லை இல்லை என்று அவரையே கேளுங்கள். அவர் காட்டும் இடத்தைத் தரிப்பிட வரைபடத்தில் குறித்து, சங்கத்துக்குப் போடும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.